இடது பக்கத்து வர்ணனை

என் தம்பிக்குப் பிறந்ததிலிருந்து ஒரே வியாதி, பேச்சு. பள்ளியில் பேசியே வகுப்புக்கு வெளியே நின்றான். காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்து, பேசிப் பேசியே மேலாளரைத் தலைவலி மாத்திரைக்குப் பழக்கினான். கடைசியில் அந்த வாய்க்கே ஒரு வழி பிறந்தது. ஓர் இணைய வானொலியில் கால்பந்து வர்ணனை, அதுவும் நேரலையில். இந்த ஓர் ஆட்டம் தேறிவிட்டால் பருவம் முழுவதும் அவனுக்கு வேலை. இல்லையென்றால் மறுபடியும் காப்பீடு, மறுபடியும் அதே மேலாளர்.

“அக்கா, பாதி ஆட்டம் முடிஞ்சதும் ஃபோன் பண்ணுவேன். எப்படி இருக்குன்னு உள்ளத உள்ளபடி சொல்லணும். மத்தவங்க எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“நான் திட்டுவேன்டா.”

“அதுக்குத்தான் உன்கிட்ட கேக்கறேன்.”

கேட்பதற்கென்று ஒரு ஹெட்போனையும் வாங்கிக் கொடுத்திருந்தான். என் கணவருக்கு பேக்கரியில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அவர் தூங்கும் நேரத்தில் எங்கள் வீட்டுக் கதவுகூட முனகாது. நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைப்பவள். என் கணினி எனக்குப் படம் காட்டியிருக்கிறதே தவிர, அதன் ஒலிப்பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் இடது காது தோடு மாட்ட மட்டும்தான் உதவும். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்தது, போகும்போது அந்தக் காதையும் கையோடு கொண்டுபோய்விட்டது. இது எனக்கே மறந்துபோகும். என்னை மறக்க வைத்ததே வீட்டார்தான். எல்லாரும் என் வலது பக்கம்தான் உட்காருவார்கள், வலது பக்கமாகவே நடப்பார்கள். தம்பி தப்பித்தவறி இடது பக்கம் வந்துவிட்டால், பேச்சை நிறுத்தாமலே என்னைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடுவான்.

ஆட்டம் தொடங்கியது. ‘எங்கள் இரண்டு வர்ணனையாளர்களுக்கு நடுவே உங்களுக்கு ஓர் இருக்கை!’ என்று விளம்பரம் முழங்கியது. நீலச்சட்டை அணி பந்தை உதைத்ததாக ஒரு கரகரத்த குரல் சொன்னது. அவர் மூத்த வர்ணனையாளர். பேசினார், நிறுத்தினார். பிறகு யாரோ ஏதோ சொன்னது போல, “அட, நல்லாச் சொன்னீங்க தம்பி!” என்று சிரித்தார். அப்புறம், “ஆமா ஆமா” என்றார். மறுபடியும் மௌனம். நடுநடுவே கூட்டத்தின் கூச்சல் மட்டும்.

என் தம்பியின் குரலைக் காணோம்!

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு மைக்கை அணைத்துவிட்டார்களா? திரையின் ஓரத்தில் கேட்பவர்கள் எழுதும் பெட்டி இருந்தது. அதில் போய், ‘புதுப் பையனின் குரல் எங்கே? அவனைப் பேச விடுங்கள்!’ என்று தட்டினேன்.

பதில் உடனே வந்தது. ‘நீங்க எந்த உலகத்துல இருக்கீங்க? அவன்தான் நிறுத்தவே மாட்டேங்கறானே!’

அதற்குக் கீழே இன்னொருவர்: ‘யாராவது அந்தப் பையனுக்குத் தண்ணி குடுங்கப்பா.’

ஊருக்கெல்லாம் கேட்கிறது, கூடப் பிறந்தவளுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் கோளாறு என் வீட்டில்தான். ஒலி அமைப்புகளைத் திறந்தேன். சத்தத்தை முழுக்க ஏற்றினேன், கரகரப்புக்காரர் காதுக்குள் வந்து கத்தினார். திரையில் தெரிந்த ஏதோ ஒரு கம்பியைக் கீழே இழுத்தேன், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசினார். இடது, வலது என்று தனித்தனியாக இரண்டு கம்பிகள் இருந்தன. வலதை ஏற்றினால் கரகரப்புக்காரர் ஏறினார். இடதை ஏற்றினால் ஒன்றும் ஆகவில்லை. ஓஹோ! ஹெட்போனில் இடது பக்கம் செத்துவிட்டது. கடைக்காரன் என் தம்பியின் தலையில் ஓட்டைப் பொருளைக் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, அவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். எதற்கும் பார்க்கலாம் என்று ஹெட்போனைக் கழற்றித் திருப்பி, இடது குமிழை வலது காதில் அழுத்தினேன்.

“—வெட்டுறாரு, திரும்புறாரு, ஆளே இல்லாத பக்கம் தட்டுறாரு, அய்யோ ஓடுங்க, ஓடுங்க, யாராவது ஓடுங்க!”

என் தம்பி! நாற்காலியில் இருந்தபடியே ஒரு குதி குதித்தேன். ஹெட்போன் நன்றாகத்தான் இருந்தது, செத்தது என் காதுதான். கரகரப்புக்காரரை வலது பக்கத்திலும், தம்பியை இடது பக்கத்திலும் உட்கார வைத்திருக்கிறார்கள். நடுவே எனக்கு இருக்கை கொடுத்தவர்களுக்கு, அந்த இருக்கைக்கு ஒரு பக்கம் சுவர் என்பது எப்படித் தெரியும்?

ஆனால் இப்போது கரகரப்புக்காரரைக் காணோம். தம்பியின் குரல் மட்டும் ஆறாக ஓடியது. கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. அப்படியே ‘பிரமாதம்டா’ என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர் சும்மாவா சொல்லியிருப்பார்? இரண்டு பேரையும் சேர்த்துக் கேட்டால்தான் நியாயம் தெரியும். பாதி ஆட்டம் முடியப்போகிறது, அவன் கூப்பிட்டுவிடுவான். அவசர அவசரமாக அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினேன். கண் தெரியாதவர்களுக்கு, கை முடியாதவர்களுக்கு என்று வசதிகள் வரிசையாக வந்தன. ‘கேட்டல்’ என்றும் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரே ஒரு பொத்தான், ‘மோனோ ஒலி’. இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் என்று எழுதியிருந்தது.

ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டு அழுத்தினேன்.

இரண்டு பேரும் என் வலது காதுக்குள் வந்து உட்கார்ந்தார்கள்! அடடா, அந்தச் சந்தோஷம் அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை. பெரியவர், “இந்தத் தடுப்பாட்டக்காரர் போன வருஷம்...” என்று தொடங்கினார், தம்பி மேலே விழுந்தான். அவர் மறுபடி தொடங்கினார், இவன் மறுபடி விழுந்தான். சந்தைக்கடை தோற்றது.

பாதி ஆட்டம் முடிந்த ஊதல் ஓயவில்லை, ஃபோன் அடித்தது.

“அக்கா, எப்படி?”

“முதல் பாதில பெரும்பகுதி நீ எனக்குக் கேக்கவே இல்லடா. உன்ன இடது பக்கம் போட்டிருக்காங்க.”

“இடதா? உனக்காகத்தானே வலது பக்கச் சீட்டுதான் வேணும்னு கேட்டு வாங்கி உக்காந்தேன்!” என்றவன் சட்டென்று நின்றான். “அய்யய்யோ. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தாண்ட, எங்களப் பாத்து உக்காந்திருக்காரு. என் வலது அவருக்கு இடது. இப்பவே போயி...”

எனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறான் என்று உருகலாம்தான். அதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

“அது கிடக்கட்டும். நான் வழி கண்டுபிடிச்சுட்டேன், இப்ப ரெண்டு பேரும் கேக்குது. நீ பேசறது நல்லா இருக்குடா. ஆனா அந்த மனுஷன் ஆரம்பிச்ச ஒரு பேச்சையாவது முடிக்க விட்டியா?”

“அவரு இழுத்து இழுத்துப் பேசறாருக்கா...”

“பேசட்டும். அவரு முடிச்சப்புறம் நீ பேசு. கோல் விழுந்துச்சுன்னா வாய மூடு. கூட்டம் கத்தறது எங்களுக்குக் கேக்கட்டும்.”

“வர்ணனைக்காரன் வாய மூடினா எதுக்குக்கா சம்பளம்?”

“வாய மூடலன்னா காப்பீடுதான். போடா!”

இரண்டாம் பாதியின் தொடக்கத்திலும் ஒருமுறை மேலே விழுந்தான். பல்லைக் கடித்தேன். அப்புறம் பெரியவரின் கதை ஒன்று முழுசாக முடிந்தது. தம்பி அதற்கு ஒரே ஒரு கேலி சொன்னான், பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியில் யாரோ, ‘பையன் தண்ணி குடிச்சுட்டான் போல’ என்று எழுதினார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் நீலச்சட்டைக்காரன் ஒருவன் ஓரமாகப் பந்தோடு பறந்தான். தம்பியின் குரலும் கூடவே ஓடியது. “ஒருத்தரத் தாண்டியாச்சு, ரெண்டாவது ஆளும் கீழ விழுந்தாச்சு, உள்ள வந்துட்டாரு, அடிக்கிறாரு...”

அவ்வளவுதான். வாயை மூடிவிட்டான்.

கூட்டத்தின் அலறல் என் காதை நிரப்பியது. மயிர்க்கூச்செறிந்தது. அந்த அலறல் கொஞ்சம் தணிகிற வரை பொறுத்திருந்து, மெதுவாகச் சொன்னான்: “இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

“கோல்!” என்று நான் போட்ட சத்தத்தில், போர்வையோடு ஓடி வந்தார் என் கணவர்.

“என்னாச்சு? எங்க தீப்பிடிச்சுது?”

“கோலுங்க! தம்பி சும்மா இருந்தான்ங்க!” என்றேன்.

ஒன்றும் புரியாமல், பழக்கதோஷத்தில் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார்.

வெயில் இறங்கும் முன்பே தம்பி கூப்பிட்டுவிட்டான். “பருவம் முழுக்க நான்தான்க்கா! பெரியவரே சொல்லிட்டாரு! அப்புறம், அடுத்த ஆட்டத்துலேருந்து என்ன வலது பக்கம் மாத்தச் சொல்லிட்டேன்.”

“மாத்தாத. அங்கயே இரு.”

“ஏன்க்கா?”

“காது போனப்புறம் எனக்கு இடது பக்கத்துலேருந்து வந்து சேர்ந்த முதல் குரல் உன்னோடதுதான்டா.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை.