சோல்வெய் குழலை வெட்டின கதை

இந்த வருஷம் மூஸ்ங்கிற பெரிய காட்டு மான் வேட்டையில நாய்க்குப் பின்னாடி யார் போறதுன்னு எங்க குழுவுல ஆகஸ்ட்லயே பேச்சு கெளம்பிருச்சு. இத்தனை வருஷமா போனது சோல்வெய்தான். பிர்க்கா அவ வளத்த நாய். அடர்ந்த காட்டுக்குள்ள மூஸைத் தேடிப் பிடிச்சு, நகரவிடாம முன்னாடி நின்னு குரைக்கும். நாங்க மத்தவங்க ஆளுக்கொரு எடத்துல பலகை போட்டுக் காத்துட்டு இருப்போம். குரைக்கிற எடத்துக்குச் சத்தமில்லாம நெருங்கிப் போய்ச் சுடுறது ஒரே ஒரு ஆள்.

வசந்த காலத்துல பனிக்கட்டியில வழுக்கி விழுந்து சோல்வெய்க்குத் தோள் கிழிஞ்சுபோச்சு. ஆபரேஷன் ஆச்சு. அவ துப்பாக்கியோ ஒம்பது-மூணு. அதாவது தோட்டாவுல இருக்கிற குண்டு ஒம்பது மில்லிமீட்டருக்கு மேல தடிமன். சுட்டா குதிரை உதைக்கிற மாதிரி உதைக்கும்.

"பிர்க்காவை என்கிட்ட குடு. நீ பலகையில உக்காந்து காபி குடி"ன்னான் ஸ்டூரே. அவளோட சித்தப்பா பையன். எங்க வேட்டைத் தலைவனும் அவன்தான்.

"நாய் உன் பின்னாடி வராது. உன் வாடை அதுக்கே பிடிக்காது"ன்னா சோல்வெய்.

சுடுற மைதானத்துல பார்த்துக்கலாம்னு முடிவாச்சு. தோட்டா போட்டுக் குடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டா. தோட்டா போட்டிருக்கா இல்லையான்னு அவளுக்குத் தெரியக்கூடாது. சில தடவை காலியாவே குடுக்கணும். இங்க எல்லாரும் செய்யற சோதனைதான். ரெண்டு தடவை வெடிச்சுது. அடுத்த தடவை காலியாக் குடுத்தேன். 'டிக்'னு சத்தம் வந்துச்சு, குழல் முனை தரையைப் பார்த்துக் குனிஞ்சுது. உதைக்கப் போகுதுன்னு தோள் முன்கூட்டியே பயந்துருச்சு.

"புல்லுக்கு நல்ல அடி"ன்னான் ஸ்டூரே. யாரும் சிரிக்கல.

மறுநாள் மரம் அறுக்கிற மில்லுல வேலை முடிஞ்சு நான் திரும்பும்போது சோல்வெய் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டா. இந்த ஊர் வழக்கப்படி காபிக்குள்ள பாலாடைக்கட்டியைப் போட்டுக் குடுத்தா. துப்பாக்கி மேஜை மேல கிடந்துச்சு.

"பேசாம ஆறரை மில்லிமீட்டருக்கு மாறிடேன். உதையே தெரியாது"ன்னேன். எனக்கு இரவல் குடுத்திருந்தது அந்தச் சின்ன தோட்டாத் துப்பாக்கிதான்.

"ஆறரை கொல்லும் கனி. கொல்லாம இல்ல. ஆனா அடி வாங்கிட்டு மூஸ் இன்னும் நூறு மீட்டர் ஓடும். நீ பலகையில இருக்கே, ஓடட்டும்னு விட்டுருவே. என் மூஸுக்கு முன்னாடி பிர்க்கா நிக்கிறா. ஓடுற வழியில அவளை மிதிச்சுட்டுத்தான் ஓடும்."

ஆறரையை விட்டுட்டோம். பெரிய குண்டு அப்படியே இருக்கட்டும், அதுலயே எடை கம்மியான குண்டா வாங்கிக்கலாம், குழல் முனையில சைலன்சர் மாட்டினா உதையும் குறையும், நாயோட காதும் தப்பிக்கும்னு பேசி முடிச்சோம். சைலன்சர் மாட்டினா நீளம் கூடும், அதனால குழலை வெட்டணும். அறுபது சென்டிமீட்டர் குழல் அது.

அவளுக்கு மனசு வரல. குழல் குறைஞ்சா குண்டோட வேகமும் குறையும்ல. கொஞ்சமா வெட்டிக்கலாம்னு துப்பாக்கிப் பட்டறையில குடுத்து அம்பத்தாறுல நிறுத்திட்டு வந்தா. முனையில சைலன்சரை மாட்டிப் பார்த்தா, துப்பாக்கி முன்னை விட நீளமாயிருச்சு. வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற புதருக்குள்ள நடந்து பார்த்தா, ஒவ்வொரு கிளையிலயும் மாட்டுது.

"மீன் பிடிக்கவா போறே?"ன்னான் ஸ்டூரே. "இனிமேலும் வெட்டினே, வேகமே இருக்காது. இவ்வளவு பெரிய குண்டு எதுக்கு? கிளையை ஒடச்சுட்டு நேராப் போறதுக்குத்தானே?"

இந்தப் பக்கத்துல பாதிப் பேர் அப்படித்தான் நம்பறாங்க.

"நேராப் போகுமா?"ன்னா சோல்வெய்.

"போகாம?"

"சுடு பார்ப்போம்."

ஒரு அட்டையை மரத்துல கட்டி, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஊசியிலைக் கிளைகளை நட்டு வச்சோம். ஸ்டூரே தன்னோட முழு நீளக் குழல்ல, இருக்கிறதுலயே கனமான குண்டைப் போட்டுச் சுட்டான். ஒரு குண்டு அட்டையிலயே படல. ஒண்ணு குறுக்குவாட்டுல படுத்த மாதிரி ஓட்டை போட்டிருந்துச்சு. அவன் அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தான்.

"கிளை ஈரமா இருந்துருக்கு."

"காட்டுல நனையாத கிளை எங்க இருக்குன்னு சொல்லு, அங்க போய் வேட்டையாடலாம்"ன்னா அவ.

கிளைக்கு நடுவுல சுடவே கூடாதுன்னு ஆச்சு. இடைவெளி கிடைக்கிற வரைக்கும் மூஸைச் சுத்திச் சுத்தி வரணும். அப்போ வேகத்தை விட முக்கியம், துப்பாக்கி கிளையில மாட்டாம திரும்பறது. அது எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. குழலுக்குப் பதிலா, பிர்ச் மரக் குச்சிகளை வேற வேற நீளத்துல வெட்டி எடுத்துட்டு வந்தேன். ஒவ்வொண்ணாக் கையில புடிச்சுட்டு, கண்ணு காட்டுல, கை குச்சியிலன்னு அவ புதருக்குள்ள நடந்தா. குச்சி கிளையில உரசுற சத்தத்தை நான் வெளிய நின்னு கேட்டேன். ஒரு குச்சிக்குச் சத்தமே வரல.

"இதுதான்"ன்னேன்.

"நிச்சயமா? வெட்டினா ஒட்ட முடியாது."

"இதுதான்."

அந்தக் குச்சியிலேர்ந்து சைலன்சர் நீளத்தைக் கழிச்சா, குழல் நாப்பத்தேழு. வேற ஒண்ணும் கேக்காம கிளம்பிப் போய் வெட்டிட்டு வந்துட்டா.

இந்த நாட்டுல எனக்கு வேலை குடுத்தாங்க, குளிருக்குக் கோட்டு குடுத்தாங்க, குழுவுல எடம் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் நன்றி சொல்லியிருக்கேன். ஆனா நான் சொன்ன வார்த்தையை நம்பி ஒருத்தர் திரும்பச் சேர்க்க முடியாத ஒண்ணை வெட்டினது அதுதான் முதல் தடவை. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, பயத்துல பாதி, சந்தோஷத்துல பாதி.

மைதானத்துல மறுபடியும் காலியாக் குடுத்தேன். 'டிக்'. முனை அசையல. ஸ்டூரே பார்த்துட்டு, "சரி, முதல் நாள் மட்டும் நீ போ"ன்னான்.

முதல் நாள் காலையில மூடுபனி. நான் சதுப்பு ஓரத்துப் பலகையில உக்காந்திருந்தேன். பிர்க்கா குரைக்க ஆரம்பிச்சுது, ஒரே எடத்துல.

"பெரிய கிடா மூஸ். கிளைக்குப் பின்னாடி நிக்குது"ன்னு சோல்வெய் வாக்கிடாக்கியில முணுமுணுத்தா.

"தெரியுதுல்ல, சுடு"ன்னான் ஸ்டூரே.

குரைப்பு மட்டும் வந்துட்டே இருந்துச்சு. ஒரு தடவை கிளை ஒடியற சத்தமும் நாயோட அலறலும் சேர்ந்து கேட்டுச்சு. அப்புறம் மறுபடியும் குரைப்பு. அவ சுத்தி வர்றான்னு புரிஞ்சுது. அந்தக் குச்சி நீளம் சரியா இருக்கணுமேன்னு என் கை பலகையைப் பிடிச்சிருந்துச்சு.

கதவை மெதுவாச் சாத்தின மாதிரி ஒரு சத்தம். குரைப்பு நின்னுருச்சு.

நாய் ஏன் நிறுத்திச்சு? எல்லாருக்கும் அதேதான் நெஞ்சுல.

"படுத்துருச்சு"ன்னா சோல்வெய். மூச்சு வாங்குச்சு. "நின்ன எடத்துலயே. பிர்க்கா அது மேல ஏறி முடியைப் பிச்சுப் பிச்சுத் துப்பிட்டு இருக்கா."

கயிறைத் தூக்கிட்டுப் போனோம். ஸ்டூரே முதல்ல நாயைத் தடவிப் பார்த்தான், கால், விலா, வயிறு. அப்புறம் கிடாவைச் சுத்தி நடந்தான். அவ நின்ன எடத்துலேர்ந்து ஒரு ஆள் நுழையற அளவுக்குத்தான் சந்து தெரிஞ்சுது.

"தோள்?"ன்னான்.

"வலிக்குது. சுட்டு முடிச்சப்புறம்தான் வலிச்சுது."

அவன் தொப்பியைக் கழட்டி மறுபடியும் போட்டுக்கிட்டான். "நாளைக்கு நாயை எந்தப் பக்கம் அவுத்து விடறே? ஆத்துப் பக்கமா, மேட்டுப் பக்கமா?"

"காத்தைப் பார்த்துச் சொல்றேன்"ன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கனி, அந்தக் காலைப் பிடி. சும்மா நின்னு சிரிச்சுட்டு இருக்காதே."

பிடிச்சேன். கனம்னா அப்படி ஒரு கனம். நான் ஏன் சிரிக்கிறேன்னு அவங்க யாரும் கேக்கல, அதுக்கும் நன்றி.