வழுக்குமரத்துப் போத்தல்

"உள்ளேயே இருங்க மதினி. கங்காணி ஐயா கண்டிப்பாச் சொல்லிட்டாக."

பாக்கியலெட்சுமி தொழிலாளர் லயத்து அறைக் கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியை மாட்டினாள். உள்ளே அவள் புருஷனின் அக்கா ரெங்கம்மா.

போன வருஷத் தேயிலைத் தோட்டத் திருவிழாவில் ரெங்கம்மாவின் கணவன் வழுக்குமரத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தான். மர உச்சியில் ஒரு போத்தல் சாராயம் கட்டியிருக்கும். எட்டிப் பறிப்பவனுக்கு அது. பயம் தெளிய என்று ஏறுமுன்னே கங்காணி ஆளுக்கொரு சிரட்டை ஊற்றுவார். அவன் மூன்று குடித்திருந்தான். தோட்டம் குற்றம் கண்டது அவள் தாலியில்.

இன்று ஏறப்போவது அவள் தம்பி, பாக்கியலெட்சுமியின் புருஷன் அழகையா.

"பாக்கியம், குடிச்சிட்டானா?"

"காலையிலேயே ரெண்டு சிரட்டை. கால் தரையிலேயே நிக்கல மதினி."

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தப்புச் சத்தம் ஏறியது. பாக்கியலெட்சுமிக்கு ஐந்து மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நாதாங்கியைக் கழற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குடத்தோடு தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் நடந்தாள்.

ஹல்துமுல்லைப் பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. கொழுப்புப் பூசிய மரத்தின் உச்சி தெரியவில்லை. நாற்காலியில் தோட்டத்துத் தொரையும் விருந்தாளிகளும் இருந்தார்கள். வெள்ளைச் சேலையோடு ரெங்கம்மா வந்து மரத்தின் முன்னால் நின்றாள்.

தப்பு நின்றது. ஏற நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"அடியே மூதேவி! நல்ல காரியத்துல எதிர்ல வந்து நிக்கிறியே!" என்று கத்தினார் மாடசாமிக் கங்காணி.

"போன வருஷமும் இங்கனதாங்க நின்னேன். பூ வச்சு, பொட்டு வச்சு. சகுனம் நல்லாத்தான் இருந்திச்சு."

கங்காணி சிரட்டையை நீட்டினார். "குடிடா அழகையா. குடிச்சா சகுனம் கண்ணுக்குத் தெரியாது."

அழகையா குடித்தான். மரத்தில் ஒரு கையை வைத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான். சிரட்டை கீழே விழுந்து உருண்டது.

"ஏற மாட்டேங்க."

யாரோ சிரித்தார்கள். தொரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"மானத்த வாங்கிட்டியேக்கா."

"மானந்தானே போச்சு தம்பி."

கூட்டம் கலைந்தது. உச்சியில் போத்தல் பனிக்குள் ஆடிக்கொண்டிருந்தது. பீலியிலிருந்து குடத்தோடு வந்த பாக்கியலெட்சுமியைக் கங்காணி மறித்தார்.

"அடுத்த வருஷமும் மரம் நடுவேன். அவளுக்கு ரெண்டு நாதாங்கி போட்டு வை."

"ஆமாங்க. நானே மாட்டிடுறேன்" என்றாள் அவள், தலையைக் குனிந்து.

இன்று கழற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை.