முதலாளி கையில் துடைப்பம்

1988-இல் ஜப்பானுக்குப் போய் இருபது நாள் பயிற்சி முடித்து வந்த முதலாளி பார்த்தசாரதி, திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கண்ணம்மாவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிப் பெருக்க ஆரம்பித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் நட்டு போல்ட்டு செய்கிற சின்னக் கம்பெனி. எட்டு வருஷமாக அங்கே பெருக்குகிறவள் கண்ணம்மா. புருஷன் இல்லாத வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அது.

"அங்க புத்த மடத்துல பெரிய சாமியாரே தினம் முற்றம் பெருக்கறார். தலைவன்னா முதல்ல குப்பையைத் தொடணும்," என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார் முதலாளி. பிறகு அவளிடம், "தள்ளி நில்லுங்க கண்ணம்மா," என்றார்.

அதுவரை 'வா, போ' தான். அந்த 'ங்க' அவளை ரொம்பப் பயமுறுத்தியது. சீட்டுக் கிழிக்கப்போகும் ஆளிடம்தான் இவர்களுக்குத் திடீரென்று மரியாதை முளைக்கும்.

மறுநாள் எட்டு மணிக்குப் பதில் ஏழுக்கே வந்து மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிவைத்தாள். முதலாளி துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பிடி இரும்புத்தூள்கூட அகப்படவில்லை. முகம் தொங்கிப்போனது. புதன்கிழமை அவர் ஆறரைக்கு வந்தார். வியாழக்கிழமை அவள் அடுப்புகூடப் பற்றவைக்காமல் கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து கிளம்பி ஆறுக்கே வந்துவிட்டாள்.

"இன்னா யக்கா, மொதலாளியோட ஓட்டப்பந்தயமா?" என்று சிரித்தான் மேஸ்திரி லோகநாதன்.

"சிரி. நாளைக்கு உன் ஸ்பேனரப் புடுங்குவாரு, அப்ப தெரியும்."

"என்னுத இன்னாத்துக்குப் புடுங்குறாரு? ஒண்ணாந்தேதிலேர்ந்து அவனவன் எடத்த அவனவனே பெருக்கணுமாம். பெருக்கறதுக்குன்னு தனியா ஆளே கெடையாதாம்."

அதற்குப் பிறகு அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள். வாங்கிவைத்த டீ ஆறிப்போனது. கடைசியில் நேரே ஆபீஸ் அறைக்குள் நுழைந்தாள்.

"பெருக்கறதுக்குன்னு ஆளே கெடையாதுன்னீங்களாமே மொதலாளி. நெசமா?"

அவர் சந்தோஷமாக நிமிர்ந்தார். "ஆமாம் கண்ணம்மா. இங்க மேல் வேலை, கீழ் வேலைன்னு கிடையாது. எல்லாரும் சமம்."

"அப்ப நான் யாரு?"

"நீங்களும்... எங்கள்ல ஒருத்தர்தான்."

அதற்கு மேல் அவர் யோசித்திருக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. மடத்துச் சாமியாருக்குச் சம்பளத்துக்குப் பெருக்குகிறவளைப் பற்றி என்ன கவலை?

"சரி மொதலாளி," என்று வெளியே வந்தவள், பேக்கிங் மேஜைக்குப் போனாள். கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணின் ஸ்டூல், பெட்டி கட்டுகிற வனஜா பக்கத்தில் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

"தள்ளுடி. பொட்டிக்கு எத்தினி?"

"இருவத்தஞ்சு. யாருக்கா உன்ன இங்க ஒக்காரச் சொன்னது?"

"மொதலாளிதான். எல்லாரும் சமமாம்."

லோகநாதன் ஓடிவந்தான். அவளைப் பார்த்தான், ஆபீஸ் வாசலில் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தான். முதலாளி வாயைத் திறந்தார். முப்பது பேரும் மெஷினை விட்டுவிட்டு அந்த வாயையே பார்த்தார்கள். அவர் மூடிக்கொண்டார்.

கண்ணம்மாவின் கையிலிருந்து இரண்டு போல்ட்டு தவறிக் கீழே உருண்டது. அவள் குனியவில்லை. முதல் பெட்டியை மூடி வனஜா பக்கம் தள்ளிவிட்டு, அடுத்ததை இழுத்துக்கொண்டாள்.