வேப்பமரத்தில் கட்டிய ஹேமக்

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுக் கட்டக் கூடாதா? நானே பூ வாங்கியாந்திருப்பேனே!"

மாமியார் ஆராயி கண் கலங்கி நின்றாள். தன் பைக்கின் பக்கப்பையில் கொசுவலையைத் திணித்துக்கொண்டிருந்த சிந்துஜா நிமிர்ந்தாள்.

"எதுக்குப் பூ, அத்தை?"

"தொட்டிலுக்குத்தான். கிரிவலம் போறவங்கெல்லாம் நின்னு கும்பிட்டுப் போறாங்க."

சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. அவளும் கணவன் ஆதவனும் அன்று ஜவ்வாது மலைக்கு ஆளுக்கொரு பைக்கில் கிளம்ப வேண்டும். போன தடவை கூடாரம் பாதி வண்டியை அடைத்துக்கொண்டது. படுத்தால் கல் முதுகைக் குத்தியது. இந்த முறை மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டுப் படுக்க ஆளுக்கொரு ஹேமக், மேலே ஒரு மெல்லிய தார்ப்பாய். எல்லாம் மடித்தால் ஒரு தலையணை அளவுதான். பாராசூட் துணி வாங்கி அவளே தைத்திருந்தாள். பனியில் அதைக் கட்டும் நாடாப்பட்டை தளருகிறதா என்று பார்க்கத் தன்னுடையதை முந்தின நாள் மாலை வீட்டெதிரே, பாதையோரத்து இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே கட்டினாள். எடைக்கு எதையாவது போட வேண்டுமே? அம்மிக்குழவியைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்தாள். பிள்ளை வரம் வேண்டுபவர்கள் மரத்தில் தொட்டில் கட்டுவார்கள், பெயர் வைக்கும்போது தொட்டிலில் குழவியைத்தான் முதலில் கிடத்துவார்கள் என்பதெல்லாம் அவள் நினைவில் இல்லை.

மரத்தடியில் பௌர்ணமிக் கூட்டம். ஹேமக்கின் பச்சைத் துணியில் மஞ்சள் பூசியிருந்தார்கள். குழவிக்குக் குங்குமம். பட்டையில் வளையல்கள். ஒரு பெண் கைக்குட்டையில் கூழாங்கல்லை வைத்து, குட்டித் தொட்டிலாக அதே பட்டையில் முடிந்துகொண்டிருந்தாள்.

"இது தொட்டில் இல்லீங்க. நான் படுக்கிற ஹேமக்கு. யாரு உங்ககிட்ட வேண்டுதல்னு சொன்னது?"

"தோ, அந்தத் தம்பிதாங்க. தனக்கும் பொண்டாட்டிக்கும் குழந்தை வேணும்னு சொன்னாரே."

கூட்டத்தின் பின்னால் ஆதவன் பல்குச்சியோடு நின்றான்.

"நீயா சொன்ன?"

"எல்லாரும் கேட்டுட்டே இருந்தாங்க சிந்து. பைக்கு, கேம்பிங்குனு எத்தன பேருக்கு விளக்குறது? ஆமான்னுட்டேன். ஈஸியா போச்சு."

"ஈஸியாவா! இப்ப குழந்தை வேணாம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே முடிவு பண்ணோம்? அத உங்கம்மாகிட்ட சொல்ல நாலு வருஷமா உனக்கு வாய் வரல. அவங்க எனக்கு லேகியம் ஊட்டுறப்ப பக்கத்துல உக்காந்து இட்லி தின்ன. இப்ப ஊருக்கே என்னைக் காட்டிக் கும்பிடச் சொல்ற!"

"மெதுவா பேசு..."

"நீ சத்தமா சொன்னதுக்கு நான் மெதுவா பேசணுமா?"

அவள் ஹேமக்கின் கொக்கியில் கை வைத்ததும் ஆராயி பதறினாள்.

"அவுக்காதம்மா! வேண்டுதல் தொட்டில நடுவுல அவுக்கக் கூடாது."

"நான் வேண்டவே இல்லையே அத்தை."

கைக்குட்டைக்காரப் பெண் ஒதுங்கி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிந்துஜாவின் குரல் இறங்கியது.

"உங்க பேரு என்னங்க?"

"அருணாதேவி. வேங்கிக்கால்லேர்ந்து வரேன்."

"உங்களோடத மரத்துலயே கட்டித் தரேன். என் பட்டை என்னோட மலைக்குப் போயிடும். மரம் எங்கயும் போகாது."

முடிச்சை அவிழ்த்து, கூழாங்கல் விழாமல், கைக்குட்டையை ஒரு கிளையில் இறுக்கிக் கட்டினாள். வளையல்களையும் அங்கேயே மாட்டினாள். பிறகு தன் ஹேமக்கைச் சுருட்டி உறையில் அடைத்தாள். குழவியைத் துண்டோடு தூக்கி ஆதவன் கையில் வைத்தாள்.

அவன் பைக்கருகே போய், பக்கப்பையிலிருந்து அவனுடைய ஹேமக்கை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"என்னுத ஏன் எடுக்கிற? நான் எதுல படுக்கிறது?"

"இங்கயே கட்டிக்கோ. வேண்டிக்கிட்டது நீதானே?"

"சிந்து, விளையாடாத! தனியாவா போவ?"

சிந்துஜா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். பைக் கிரிவலக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே நுழைந்து, திரும்பி, மறைந்தது.

ஆராயி மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முடிவு பண்ணீங்களாமே. அப்ப நாலு வருஷமா நான் கிண்டுன லேகியம்?"

"அது வந்துமா..."

"வாய மூடு. அந்தக் குழவியக் கழுவி எடுத்துட்டு வா. இன்னிக்குச் சட்னி நீதான் அரைக்கிற."