மக்னமும் ஆறரையும்

வேட்டை உரிமப் பரீட்சையில் ஞானப்பிரகாசம் இரண்டாவது தடவைதான் தேறினான். அவன் மனைவி பிளோறன்ஸ் முதல் தடவையே தேறியிருந்தாள்.

2006ஆம் ஆண்டு. இவர்கள் குடியேறியிருந்த மெஷெடே ஊரில் அந்தப் பரீட்சைக்கு இருந்த தமிழர்கள் இவர்கள் இருவரும்தான். ஞானப்பிரகாசம் கடைசல் பட்டறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவன். கூட வேலை செய்தவர்கள் கூப்பிட்டுத் துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்தவன். பிளோறன்ஸுக்கு இறைச்சிக்கடையில் வேலை. வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் பன்றியையும் மானையும் அவள்தான் துண்டுபோடுவாள். "வெட்டுறது நான். சுடவும் பழகினால் என்ன?" என்று அவனோடு வகுப்புக்குக் கிளம்பினாள். அவன் சிரித்துக்கொண்டே கூட்டிப்போனான். பரீட்சை முடிவு வந்த அன்றோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

துப்பாக்கி வாங்கப் போனபோது கடைக்காரர் மூன்று தோட்டாக்களை மேசையில் நிறுத்தினார். ஒல்லியாக ஒன்று, ஆறரை மில்லிமீற்றர். அதற்குப் பக்கத்தில் கட்டையாக முந்நூற்றெட்டு என்ற ரகம். கடைசியில் அடியில் பட்டி போட்ட, தடித்த, மருந்து அதிகம் அடைத்த முந்நூறு மக்னம்.

"எதற்கு வேண்டும்?" என்று கேட்டார்.

"இரண்டுக்கும். முந்நூறு மீற்றரில் இலக்குச் சுட வேண்டும். கலைமானும் சுட வேண்டும்," என்றான் ஞானப்பிரகாசம்.

கடைக்காரர் முந்நூற்றெட்டை அவன் பக்கம் தள்ளினார். இலக்குச் சுடுகிறவன் ஒரே நாளில் அறுபது தடவை சுடுவான். தோளில் உதை குறைவாக இருந்தால்தான் அறுபதாவது குண்டும் முதல் குண்டைப்போலப் போகும். காட்டில் நூற்றைம்பது மீற்றருக்கு அப்பால் யார் சுடுகிறார்கள்? மக்னம் தூரத்தில் அவ்வளவு தாழாது, காற்றுக்கும் அதிகம் விலகாது, அது உண்மைதான். "ஆனால் பாதி வேகம் முன்னால் போகும், மீதி உங்கள் தோளுக்கு வரும்," என்றார்.

பிளோறன்ஸ் ஒல்லித் தோட்டாவைக் கையில் எடுத்தாள். "இதற்குக் கலைமான் விழுமா?"

"இடம் பிழைக்காமல் சுட்டால் விழும். நல்ல கேள்வி."

தன்னிடம் அவர் 'நல்ல கேள்வி' என்று சொல்லவில்லை என்பதை ஞானப்பிரகாசம் கவனித்தான்.

"எனக்கு மக்னம்," என்றான்.

"இஞ்சேருங்கோ, தோள் நோகப்போகுது," என்று தமிழில் சொன்னாள் பிளோறன்ஸ்.

"உனக்கு நோகும். எனக்கு நோகாது."

அவள் பழைய ஆறரைத் துப்பாக்கி ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டாள்.

சுடுதளத்தில் பத்தாவது குண்டுக்குள் அவர்கள் சொன்னது சரியென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. விசையை அழுத்த முன்னமே கண் தானாக மூடியது, தோள் பின்வாங்கியது. குண்டுத் துளைகள் இலக்கு அட்டையில் சிதறிக் கிடந்தன. பிளோறன்ஸின் அட்டையிலோ ஐந்து துளைகளையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம். வேட்டைக்கென்று ஒரு காட்டைக் குத்தகைக்கு வைத்திருந்த பிறிங்மான் இரண்டு அட்டைகளையும் பார்த்தார். "இந்த வருடம் என் காட்டில் சுட அனுமதித்த கலைமான்களில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை உன் மனைவிக்குக் கொடுக்கலாமென்று நினைக்கிறேன்," என்று அவனிடமே சொன்னார்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிய, பூசைக்கு வந்திருந்த பென்ஜமின் கோவில் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, அக்கா உங்களைவிட நல்லாச் சுடுறாவாம்? வீட்டிலை கவனமா இருங்கோ!" எல்லாரும் சிரித்தார்கள். ஞானப்பிரகாசமும் சிரித்தான். நெஞ்சுக்குள் எரிந்தது.

செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சுடுதளத்தில் பிறிங்மானின் முன்னால் பிளோறன்ஸ் கடைசியாக ஒருமுறை சுட்டுக்காட்ட வேண்டும். காலையில் அவள் கடைக்குப் போயிருந்தபோது ஞானப்பிரகாசம் துப்பாக்கிப் பெட்டகத்தைத் திறந்து, அவளுடைய துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகை வலப்பக்கமாக இருபது கிளிக் திருப்பினான். நூறு மீற்றரில் ஒரு கிளிக் குண்டை ஒரு சென்ரிமீற்றர் தள்ளிவிடும். வெறும் அட்டைதானே, ஒருநாள் அவளும் முழிக்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பதினொரு மணிக்குப் பிறிங்மான் தொலைபேசியில் கூப்பிட்டார். கலைமானைக் கண்டுவிட்டாராம். சுடுதளம் வேண்டாம், நேரே காட்டுக்கு வாருங்கள் என்றார்.

காரில் அவன் சொல்லியிருக்கலாம். "என்ன, ஒண்டும் பேசாமல் வாறியள்?" என்று அவளே கேட்டாள்.

"ஒண்டுமில்லை," என்றான்.

காட்டோரத்து வேட்டைப் பரணில் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிறிங்மான் கீழே தூரத்தில் தன் காரில் காத்திருந்தார். ஐந்து மணிக்குப் பிறகு கலைமான் வெளியே வந்தது. நூற்றுமுப்பது மீற்றர் இருக்கும். தலையை இடப்பக்கம் வைத்து, முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றது. பிளோறன்ஸ் மூச்சை அடக்கி, கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்தாள்.

இருபத்தாறு சென்ரிமீற்றர் வலப்பக்கம். நெஞ்சுக்குப் போக வேண்டிய குண்டு வயிற்றில் பாயும். குடல் கிழிந்த மான் விழாது. ஓடும், எங்கேயோ பற்றைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும்.

"சுடாதை!"

சத்தத்துக்கு மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. பிளோறன்ஸ் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"ஸ்கோப்பை... நான் திருப்பிப்போட்டன்."

"எத்தினை கிளிக்?"

"இருவது. வலப்பக்கம்."

அவள் ஸ்கோப் திருகின் மூடியைக் கழற்றி, ஒவ்வொன்றாக எண்ணி இடப்பக்கம் திருப்பினாள். எண்ணி முடித்த பிறகுதான் பேசினாள். "என்னை வெக்கப்படுத்த நினைச்சியள், சரி. அந்த மிருகம் உங்களுக்கு என்ன செய்தது?"

அவன் பரணின் ஏணியில் முதலில் இறங்கினான்.

காருக்கு வந்ததும் பிறிங்மான் என்ன நடந்ததென்று கேட்டார். "ஸ்கோப் சரியில்லை," என்று மட்டும் சொன்னாள் பிளோறன்ஸ். தன்னைக் காப்பாற்ற அவள் அதோடு நிறுத்தியதை ஞானப்பிரகாசத்தால் பொறுக்க முடியவில்லை. "நான்தான் திருப்பினேன். பொறாமையில்," என்றான். இந்த வருடம் நீ என் காட்டுக்குள் வராதே என்றார் பிறிங்மான்.

அடுத்த வாரமே அவன் மக்னத்தை விற்பதற்கு விளம்பரம் கொடுத்தான். பிளோறன்ஸ் தன் துப்பாக்கிக்கு வேறு பெட்டகம் வாங்கினாள். அதன் பூட்டுத் திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது. ஒக்ரோபரில் பிறிங்மானோடு காட்டுக்குப் போனாள். அவன் வீட்டில் இருந்தான்.

பொழுதுபட முன் தொலைபேசி அடித்தது.

"விழுந்திட்டுது," என்றாள்.

ஒரு கணம் அவனுக்கு உண்மையாகவே சந்தோசமாக இருந்தது. மறுகணம் அதே எரிவு நெஞ்சில் ஏறியது.

"எத்தினை மீற்றர்?"

"நூற்றிப்பத்து. ஒரே வெடி."

"கெட்டிக்காரி," என்றான். அந்தச் சொல் வாயால் வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் அவள் தொலைபேசியை வைக்காமல் பொறுத்திருந்தாள்.