பூட்டிய வீட்டு மரங்கள்

கடப்பாரை கல்லில் பட்டு எகிறியது. தண்ணீர் லாரிக்காரர் அதைக் கீழே போட்டுவிட்டு, தாடையைத் தேய்த்துக்கொண்டே குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். காலை ஏழரை மணிகூட ஆகவில்லை. வெயில் அதற்குள் சுள்ளென்று அடித்தது.

மூன்று மரத்துக்கு நான்காவது குழி அது. ஒன்று கழிவுக்குழாய்ப் பக்கமாக இருக்கிறது, வேர் போய் உடைத்துவிடும் என்று சொல்லி மூட வைத்தவள் அவர் மனைவிதான். "ரெண்டடி தள்ளித் தோண்டினா கை தேஞ்சிடுமா?" என்று நேற்றுச் சாயங்காலம் கேட்டிருந்தாள்.

"என்னங்க, பல்லு வலியா?"

"ம். கீழ்ப்பல்லு."

"டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"செடி வந்து இறங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கிய அவர் கை சில்லென்றிருந்தது. இந்த வெயிலில் எப்படி என்று நினைத்தாள். கேட்கவில்லை.

மழை பொய்த்து மூன்று வருஷமாகிறது. வாசலில் நின்ற பெரிய மரம் போன கோடையில் பட்டுப்போய், வெட்டி எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு வீடு அடுப்பாகக் கொதித்தது. இனி வைப்பது தண்ணீர் கேட்காத மரமாக இருக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை. எது என்பதில்தான் இழுபறி. அவளுக்கு ஒரு பூமரமாவது வேண்டும். நாற்றுப் பண்ணைக்காரர் எட்டு மரங்களின் பட்டியல் கொடுத்தார். லாரிக்காரர் அதை நம்பவில்லை.

"விக்கிறவன் எல்லாம் தாங்கும்னுதான் சொல்வான். நானே பாக்கறேன்."

எங்கே பார்த்தார் என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் லாரி ஓட்டிய ஊர். எந்தத் தெருவில் எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஆளில்லாத வீடுகளில் எந்த மரம் பச்சையாக நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"பல் டாக்டர் வீடு பூட்டி ஆறு வருஷம். கிணறு வத்திப்போச்சு. வேம்பு ஜம்முனு நிக்குது. அந்த மாடி வீட்ல ஜன்னல்கூட இல்ல, வாகை இருக்கு. புங்கைய கணக்கு வாத்தியார் வீட்ல பாத்தேன். முதல்ல அவர் போனாரு, அப்புறம் அந்தம்மா..."

அவள் குறுக்கே புகுந்தாள். "நாம குடியிருக்கற வீட்டுக்குத்தானே மரம் வைக்கிறோம்?"

அவர் எழுந்துபோய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவினார். நிறைய நேரம் கழுவினார்.

மறுநாளே கயிறு பிடித்து அளந்தார். மேற்கே வேம்பு, படுக்கையறைச் சுவரைச் சாயங்கால வெயில் சுடாமலிருக்க. வாகை பெரிதாகப் படரும், அது சுவரிலிருந்து இருபதடி தள்ளி. புங்கை வாசலுக்கு. "அதுவும் பூக்கும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது அவர் பல்வலிக்குக் கிராம்பு எடுக்க உள்ளே போனாள். டப்பா மேல் தட்டில் இருந்தது. ஸ்டூலில் ஏறி எடுக்கும்போது கடப்பாரைச் சத்தம் நின்றுபோயிருந்தது தெரிந்தது. நல்லதாயிற்று, கொஞ்சம் உட்காரட்டும் என்று நினைத்தாள். அடுப்பில் டீ பொங்கியது. இறக்கி, வடிகட்டி, இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

ஒரு கால் குழிக்குள் தொங்க, அவர் மண்மேட்டில் சாய்ந்து கிடந்தார். வாயோரம் மண் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் நாடி பார்த்தார், டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு காதிலிருந்து குழாயைக் கழற்றினார்.

"ஹார்ட் அட்டாக்மா. தாடை வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?"

"பல்லு வலின்னாரு."

டாக்டர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், குனிந்து எழுத ஆரம்பித்தார். பேனா நகர்வதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மகள் வந்து சேர்ந்தாள். அழுது ஓய்ந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எல்லாம் முடிஞ்சதும் உன்ன இங்க தனியா விட்டுட்டுப் போகமாட்டேன். வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடும்மா."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். கூடத்து நடுவில் அவர் படுத்திருந்தார். நகக்கண்ணில் மண் இன்னும் போகவில்லை.

நான்கு மணிக்கு நாற்றுப் பண்ணையின் குட்டி லாரி வந்து நின்றது. வாசலில் கூட்டத்தைப் பார்த்ததுமே பண்ணைக்காரருக்கு விளங்கிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. இன்னொரு நாள் கொண்டாரேன்."

"இறக்குங்க."

"அம்மா, இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள் மகள்.

அம்மா திரும்பவில்லை. மூன்று கன்றுகளும் குழியில் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். வேம்பு சாய்ந்தபோது பிடித்து நிமிர்த்தினாள். அவர் விழுந்து கிடந்த கடைசிக் குழியை மூடும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

பண்ணைக்காரர் தயங்கினார். "ஒண்ணு சொல்லணும்மா. வறட்சி தாங்கும்னாலும் வேர் பிடிக்கிற வரைக்கும்தான் பாடு. எப்படியும் ரெண்டு வருஷம் ஆள் இருந்து தண்ணி ஊத்தணும். இல்லன்னா எதுவும் நிக்காது."

"அவருக்குத் தெரியுமா இது?"

"வந்த அன்னைக்கே சொன்னேனே."

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மகள் கதவருகே நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குளியலறைக்குப் போய்ப் பிளாஸ்டிக் வாளியை எடுத்து வந்தாள்.

"ஒரு மரத்துக்கு எவ்வளவு?"

பண்ணைக்காரர் தரையிலிருந்து ஆணி ஒன்றை எடுத்து, வாளியின் உட்புறம் பாதிக்குச் சற்று மேலே ஒரு கோடு கிழித்தார். அவள் வாளியை வெளிச்சத்துக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சரியாத் தெரியல," என்று திருப்பிக் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிழிங்க."