பதினேழுக்கும் பதினெட்டுக்கும் ஆகவில்லை

பதினாறு கணினிகளோடு பதினேழாம் இயந்திரத்தைச் சேர்த்தால் கணக்கு ஓடியது. அதை எடுத்துவிட்டுப் பதினெட்டாம் இயந்திரத்தைச் சேர்த்தாலும் ஓடியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் மட்டும் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, புகைகூட இல்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகளை ஒரே அறையில் உட்காரவைத்த மாதிரி, இரண்டும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"பதினேழு நல்ல பிள்ளை, அக்கா. பதினெட்டும் நல்ல பிள்ளை. சேர்ந்தாதான் ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது," என்றார் மதகுக்காரர் தொலைபேசியில்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவர் அக்கா என்று அழைத்தவளுக்கு நாற்பத்தொன்று. அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோருக்கும் அவள் இணைப்பக்காதான்.

அது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு மென்பொருள். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கிப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வேலையை முடிக்கும்படி செய்யும். அதைப் பராமரிக்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் ஐந்து பேர்தான். கணினிகள் ஒன்றையொன்று அழைத்து இணைப்புப் போடும் பகுதி இணைப்பக்காவின் பொறுப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் அதை எழுதியவளும் அவளே. இதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் தருவதில்லை. திட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும்.

மதகுக்காரர் ஆற்று அலுவலகத்தில் வேலை பார்த்தார். அணையின் மதகை எவ்வளவு திறந்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. சனிக்கிழமை காலை மதகைத் திறந்தாக வேண்டும். எந்தத் தெருக்களைக் காலி செய்வது என்று வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கூட்டம். கணக்கு ஓடி முடிய ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் ஆரம்பித்தே தீர வேண்டும். அன்று வியாழன், காலை பத்து.

"பதினாறு மெஷின்லயே முடிச்சுக்க முடியாதா?"

"கொள்ளாது அக்கா. வரைபடம் பெருசு. இருபத்திநாலும் வேணும். கணக்கு வரலன்னா பழைய அட்டவணைய எடுத்துப்பாங்க. அது எப்பவும் அஞ்சு தெருவையும் காலி பண்ணச் சொல்லும். மூணாவது தெருவுல என் வீடு இருக்கு."

"அதுக்காகவா?"

"வீட்டுக்காக இல்ல, ஃபிரிட்ஜுக்காக. போன வருஷம் அட்டவணையை நம்பி மாடிக்கு ஏத்தினேன், ஒரு சொட்டு வரல. அதுக்கு முந்தின வருஷம் நம்பாம விட்டேன், ஃபிரிட்ஜ் கூடத்துல மிதந்துச்சு. இந்தத் தடவை உறுதியாச் சொன்னாத்தான் கை வெப்பேன்னுட்டா வீட்டுக்காரி. இல்லன்னா நான் ஒருத்தனாத் தூக்கணும். முட்டி போயிடும்."

ஐந்து தெருவில் எண்ணூறு குடும்பம். எண்ணூறு ஃபிரிட்ஜ். இணைப்பக்கா பேனாவை எடுத்தாள்.

அனுபவசாலிகள் செய்யும் முதல் தவறை அவள் உடனே செய்தாள். குற்றம் தன் வீட்டில் இருக்காது என்று நம்பினாள்.

"கேபிள்தான். பதினெட்டோட கேபிளை மாத்துங்க."

மதகுக்காரர் கணினி அடுக்குக்குப் பின்னால் தவழ்ந்து போய் மாற்றினார். நிற்கிறது. பதினேழின் கேபிளை மாற்றச் சொன்னாள். மறுபடி தவழ்ந்தார். நிற்கிறது. இரண்டையும் இடம் மாற்றிச் செருகச் சொன்னாள். தொலைபேசியில் முட்டியின் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் பொறந்ததுலேருந்து இவ்வளவு தவழ்ந்ததில்ல."

அடுத்து, பதினேழு அவசரக்குடுக்கையாக இருக்கும், பதில் வருமுன் சோர்ந்துபோகிறது என்று முடிவு கட்டினாள். காத்திருக்கும் நேரத்தை அரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடமாக்கி அனுப்பினாள். பலன் இருந்தது. முன்பு அரை நிமிடம் சும்மா நின்றவை இப்போது ஐந்து நிமிடம் கம்பீரமாக நின்றன.

பக்கத்து அறையில் அவள் கணவர் பல் செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவர் தொழில். சாப்பிட வந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தார். ஒரு வாரமா வேற ஒருத்தர் பல்லை மாட்டிக்கிட்டு இருந்திருக்கார். நான்தான் டப்பாவை மாத்திக் கொடுத்துட்டேன். சரியா பொருந்திடுச்சாம். மனுஷன் சந்தோஷமா இருந்திருக்கார்."

"ம்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

"வாயில போட்டப்பவே இது யாரோடதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உப்பை இப்படித் தள்ளுங்க."

பிற்பகலில்தான் அவள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். ஊகிப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு இணைப்பு கிடைக்கும்போதும் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு என்று இரண்டு முனையையும் பதிவில் எழுதும்படி ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

"வாசிங்க."

"பதினேழு, பதினெட்டைக் கூப்பிடுது. இணைப்பு கிடைச்சது."

"கிடைச்சதா?"

"கிடைச்சதுன்னுதான் போட்டிருக்கு. இந்த முனை முகவரி..." மதகுக்காரர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "அந்த முனை முகவரி..." மறுபடி படித்தார்.

"முதல்ல படிச்சதையே திரும்பப் படிக்கிறீங்க."

"கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறேன். ரெண்டும் ஒண்ணேதான்."

பதினேழு கூப்பிட்டிருக்கிறது. பதினேழே எடுத்திருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு கணினிக்கு ஒரு முகவரிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த மூலை வீடு மாதிரி அதற்குப் பல முகவரிகள் இருக்கலாம். மதகுக்காரரின் முதல் பதினாறு கணினிகள் பழையவை. கேபிள் போகும் தெரு ஒன்றுதான் அவற்றுக்கு. பதினேழு முதல் எல்லாம் புதியவை. அவற்றில் ஒரு கணினிக்குள் பல குட்டிக் கணினிகள் இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருளை யாரோ ஏற்றியிருந்தார்கள். அந்தப் பாவனைக் கணினிகளுக்காக அது உள்ளுக்குள்ளேயே ஒரு பாவனைத் தெருவும் போட்டுக்கொள்ளும். அந்தத் தெரு கணினியின் சுவரைத் தாண்டி எங்கும் போகாது. எந்தக் கணினியில் ஏற்றினாலும் அது அந்தத் தெருவுக்கு ஒரே எண்ணைத்தான் கொடுக்கும்.

இப்போது கணக்கு ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு கணினியும் தன் முகவரிகளைப் பட்டியல் போட்டு மற்றவற்றுக்குக் கொடுக்கிறது. பதினேழு, பதினெட்டின் பட்டியலைப் பார்க்கிறது. 'அட, நம்ம தெருக்காரர்! கேபிள் எதற்கு, பக்கத்து வீடுதானே,' என்று பாவனைத் தெருவின் எண்ணுக்கு அழைப்பு விடுகிறது. அந்த எண் தன்னுடைய எண்ணும்தான். அழைப்பு தன் வாசலிலேயே போய் மணி அடிக்கிறது. தானே கதவைத் திறக்கிறது. பதினெட்டுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அக்கறையாகத் தன்னிடமே சொல்கிறது. நிஜப் பதினெட்டு, பதினேழு இன்னும் கூப்பிடவில்லையே என்று காத்துக்கிடக்கிறது. பழைய கணினிகளுக்குப் பாவனைத் தெரு இல்லாததால் அவற்றோடு கேபிள் வழியாகத்தான் பேச முடியும். அதனால் புதியது ஒன்று மட்டும் இருந்தால் சிக்கலே இல்லை. இரண்டு புதியவை சந்தித்தால்தான் வினை.

இணைப்பக்காவுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு அழகான முட்டாள்தனத்தைப் பார்த்து நாளாயிற்று என்று நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினாள்.

ஐந்து பேர் குழுவில் மூத்தவரைத் தலை என்பார்கள். அவர் வாக்கியத்துக்கு நான்கு சொல்லுக்கு மேல் செலவழிக்கமாட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தத் தெருவை ஒதுக்கிவிடு. முடிந்தது," என்று எழுதினார்.

பாவனைத் தெருவுக்கு அந்த மென்பொருள் வைக்கும் பெயரை எழுதி, இந்தப் பெயர் வந்தால் சீண்டாதே என்று ஒரு விதி சேர்த்தாள். மதகுக்காரர் ஏற்றினார். பதினெட்டு ஓடியது. பத்தொன்பது ஓடியது. இருபது ஓடியது. தொலைபேசியில் இருவரும் குழந்தைகள் மாதிரி எண்ணினார்கள்.

"இருபத்தொண்ணு... ஓடுது அக்கா! இருபத்திரெண்டு..."

எண்ணிக்கை அங்கேயே நின்றது.

"அண்ணே?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிச்சு."

கடைசி நான்கு கணினிகளை அமைத்தவர் வேறு ஆள். அவர் வேறு பாவனை மென்பொருள் போட்டிருந்தார். வேறு தெரு, வேறு பெயர், அதே கூத்து. இதையும் பட்டியலில் சேர்க்கலாம். நாளைக்கு இன்னொருவர் இன்னொன்றைப் போடுவார். உலகத்திலுள்ள பொய்த் தெருவையெல்லாம் பட்டியல் போடுவதற்கு அவளுக்கு ஆயுள் போதாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று ஒன்பது வருடமாக இருந்தாளோ அதைத் திறந்தாள். தான் எழுதிய பழைய நிரல். அழைத்த கணினி 'நான் பதினேழு' என்கிறது. எடுத்த கணினி கேட்டுக்கொள்கிறது. அதோடு சரி. எடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு மேலே, இளமைத் திமிர் சொட்டச் சொட்ட அவள் கையாலேயே எழுதிய குறிப்பு:

'பதில் தேவையில்லை. யாரைக் கூப்பிட்டோம் என்று நமக்கே தெரியும். ஒரு சுற்று மிச்சம்!'

ஆச்சரியக்குறி வேறு.

கணவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நானும் நேத்து இதைத்தான சொன்னேன்?"

"நீங்க பல்லைப் பத்தி சொன்னீங்க."

"மாட்டுறப்பவே யாரோடதுன்னு கேட்டிருந்தா..."

"போய் மெருகு போடுங்க."

மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அவள் கணக்குப் போட்டாள். இருபத்திநான்கு கணினிகளுக்கிடையே இருநூற்றெழுபத்தாறு இணைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பதில். எல்லாம் சேர்த்தாலும் தும்மி முடிக்கிற நேரம்கூட இல்லை. அதற்காக மதகுக்காரர் மூன்று தடவை தவழ்ந்திருக்கிறார்.

பத்து இருபதுக்குத் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். இன்னொருவர் ஒப்புக்கொள்ளாமல் எதையும் சேர்க்கக் கூடாது என்பது குழுவின் விதி.

"ஒரு சுற்று கூடுதலா?" என்றார் தலை.

"ஆமாம்."

"பழசு யார் எழுதியது?"

"நான்தான்."

"தெரியும். சும்மா கேட்டேன்." அடுத்த வரியில் ஒப்புதல்.

பத்து ஐம்பதுக்கு மதகுக்காரர் இருபத்திநான்கையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவிட்டார். பத்து ஐம்பத்தொன்றுக்கு இருபத்திநான்கும் பேசிக்கொண்டிருந்தன.

"அண்ணே, கேபிள்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது. ஒன்பது வருஷத் தப்பு."

"முட்டிகிட்ட சொல்லிடறேன்."

மூன்று ஐம்பதுக்குக் கணக்கு முடிந்தது. நான்கு மணிக் கூட்டத்தில் காலி செய்யச் சொன்னது இரண்டே தெருக்களை. இரண்டாவது, மூன்றாவது. மற்ற மூன்றிலும் ஃபிரிட்ஜுகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

நாலரைக்கு மதகுக்காரர் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"மூணாவது தெருவுல முட்டியளவு தண்ணி நிக்குமாம் அக்கா. ஏத்திக்கிட்டு இருக்கோம். பாதிப் படி வந்தாச்சு."

பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "ஃபோனை வெச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிக்கிறீங்களா? உறுதியாத் தெரிஞ்சதாலதான் நானும் தூக்குறேன்!"

அன்று மாலையே இணைப்பக்கா பழைய குறிப்பை ஆச்சரியக்குறியோடு அழித்தாள். அந்த இடத்தில் இப்படி எழுதினாள்:

'அழைக்கும் கணினி தன் எண்ணைச் சொல்லும். எடுக்கும் கணினியும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். நாம் அழைத்த கணினிதான் எடுத்ததா என்று சரிபார்க்கவும். இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்து, பட்டியலில் உள்ள அடுத்த முகவரிக்கு அழைக்கவும்.'